கடலின் அடியைக் கேட்பவனுக்கு

அன்புள்ள சாமு,

காது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுகம். முழங்கால்கூட இந்தக் குளிருக்கு அதிகம் தொந்தரவு கொடுக்கவில்லை. பம்பாயிலிருந்து நீ எழுதிய கடிதம் திங்கட்கிழமை வந்தது. கடல் அளக்கும் கப்பலில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று முதல் பக்கத்தில் இருந்ததால் எழுந்து நின்றுகொண்டே படித்தேன். பக்கத்தைத் திருப்பினால், அந்த வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, பெரியப்பா பார்த்து வைத்திருக்கும் குமாஸ்தா உத்தியோகத்துக்கு மைசூருக்கே வந்துவிடப் போகிறாய் என்று இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். காரணம் என்னவென்று தேடினால், "அம்மாவைத் தனியாக விட மனம் இல்லை" என்று ஒரே ஒரு வரி. காது என்ற வார்த்தையைக்கூட நீ எழுதவில்லை. இந்த நாசூக்கு உனக்கு யாரிடமிருந்து வந்ததோ தெரியவில்லை. என்னிடமிருந்து இல்லை, உன் அப்பாவிடமிருந்து நிச்சயமாக இல்லை.

மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். இதில் ரகசியம் எதுவும் கிடையாது. தை பிறந்ததும் உன் மனைவியாகப் போகிற ஹெலனுக்கும் இதை அனுப்பு. உன்னோடு ஒரே அறையில் இருக்கும் பையன்களுக்கும் வேண்டுமானால் உரக்கப் படித்துக் காட்டு. நாலு பேர் கேட்ட கடிதத்தை மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு மறந்துபோனேன் என்று நீ சொல்ல முடியாது. நீ வேலையை விடக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இப்போதே சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது நீ என்ன வேலை செய்கிறாய் என்று எங்களுக்குச் சொல்லக்கூடாது என்றிருந்தார்கள். "காதால் செய்யும் வேலை" என்று மட்டும் எழுதுவாய். சரி, டெலிபோன் வேலை என்று நானே முடிவு செய்து, நம் லஷ்கர் மொஹல்லாப் பேட்டை முழுக்கச் சொல்லி வைத்தேன். கோவில் வாசலில் யாராவது கேட்டால், "கப்பலில் டெலிபோன் எடுக்கிறான்" என்பேன். கப்பலில் யார் யாருக்கு டெலிபோன் செய்வார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. யுத்தம் முடிந்து நீ விடுப்பில் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தண்ணீருக்குள் ஒரு சத்தத்தை அனுப்புவீர்கள், அது எதிலாவது பட்டுத் திரும்பி வரும், வருவதற்கு ஆகும் நேரத்தை வைத்துப் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்வீர்கள். அமெரிக்கர்கள் இதற்குச் சோனார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றாய். நீ சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, "டிங்" என்று ஒரு சத்தம் எழுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்து காட்டியது இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்த "டிங்" எனக்குப் பாதிதான் கேட்டது. உன் முகத்தை மட்டும் முழுதாகப் பார்த்தேன்.

அன்றைக்கு நீ சொன்ன கதைகளில் மீன் கதைதான் எனக்குப் பிடித்தது. நீர்மூழ்கிக் கப்பல் என்று நீ அடித்துச் சொல்லி, எல்லோரும் ஓடிவந்து குண்டு போட்டு, கடைசியில் மேலே மிதந்ததெல்லாம் மீன். அன்று கப்பல் முழுக்க மீன் குழம்பு, உன்னைப் பார்க்கும்போதெல்லாம் ஆளாளுக்குச் சிரிப்பு. அதற்குப் பிறகுதான் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கப் பழகினேன் என்றாய். திரும்பி வருவது கொஞ்சம் ஏறி வந்தால் அந்தப் பொருள் நம்மை நோக்கி வருகிறது, தணிந்து வந்தால் விலகிப் போகிறது, போன மாதிரியே வந்தால் அது நகராமல் கிடக்கிறது என்றாய். ஒரு விஷயம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தில் முதல் பக்கம் ஏறி இருக்கிறது, இரண்டாம் பக்கம் தணிந்து போயிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்குக் காது வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னாய். ஒரு துறைமுகத்தின் வாயில் யுத்தத்தில் மூழ்கிய கப்பல் ஒன்று கிடந்தது. தப்பிப் பிழைத்தவர்கள் ஆளுக்கொரு இடத்தைக் கைகாட்டினார்கள். நீங்கள் யார் பேச்சையும் நம்பாமல், வயல் உழுவதுபோல ஒரு கோடு போய், திரும்பி அடுத்த கோடு வந்து, நடுவில் இடம் விடாமல் அந்த வாய் முழுவதையும் கேட்டுக்கொண்டே போனீர்கள். யாரும் சொல்லாத ஓர் இடத்தில் அது இருந்தது. அதன்மேல் எச்சரிக்கைக்கு ஒரு மிதவை கட்டினீர்கள். மறுநாள் ஒரு சரக்குக் கப்பல் அந்த மிதவைக்குப் பக்கமாக வந்து, ஒதுங்கி, தன் பாட்டுக்கு உள்ளே போனது. அதில் இருந்தவர்கள் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதுதாம்மா எங்க வேலை. ஒண்ணுமே நடக்காம போகணும்" என்று சொல்லிவிட்டு நீ காபியைக் குடித்தாய். ஆயுள் முழுக்கப் பிரசவ வார்டில் இருந்தவள் நான். எங்கள் வேலையும் அதுதான். ஒன்றுமே நடக்காமல் பிறந்த குழந்தையைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. என் வேலையை என் மகனும் செய்கிறான் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அதற்கு அடுத்த நாள்தான் குடம் கிணற்றில் விழுந்தது. நான்தான் தவற விட்டேன். அவசரமாகப் பாதாளக் கரண்டியை இரவல் வாங்கி வந்து கிணற்றின் நடுவில் விட்டுத் துழாவினேன். கொக்கிகளில் பாசிதான் மாட்டியது. நீ வந்து என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாய். கிணற்றின் விளிம்பைச் சுற்றிக் கரித்துண்டால் கோடு போட்டாய். கரண்டியில் இரண்டு கயிறு கட்டி, ஒன்றை நீ பிடித்துக்கொண்டு, மற்றதை எதிர்ப் பக்கத்தில் என் கையில் கொடுத்தாய். நீ சொல்லும்போது நான் இழுக்க வேண்டும், அது அடியைத் தடவிக்கொண்டு என் பக்கம் வரும், பிறகு இருவரும் ஒரு கோடு நகர வேண்டும். பக்கத்து வீட்டு நஞ்சம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏனப்பா சாமு, கல்யாணம் உனக்கா, கிணத்துக்கா? அதுக்கு லக்னப் பத்திரிகை எழுதறியே!" என்றாள். அவள் கை ஆட்டிச் சிரித்ததால்தான் நான் அவள் பக்கம் திரும்பினேன், பிறகு நீயே அதைச் சொல்லிக் காட்டினாய். நான் திரும்பி நின்ற அந்த நேரத்தில்தான் கயிறு உன் விரல்களைக் கல்லோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. "நிறுத்தும்மா!" என்று நீ கத்தினாயாம். நான் சிரித்துக்கொண்டே இழுத்துக்கொண்டிருந்தேன். நஞ்சம்மாவின் முகம் மாறியதைப் பார்த்துத்தான் கயிற்றை விட்டேன்.

விரல் தோல் உரிந்து ரத்தம் வந்தது. நீ தண்ணீரில் கையை நனைத்துவிட்டு, "அடுத்த கோடு" என்றாய். குடம் வந்தது. அதற்கு முன்னால் உன் அப்பாவின் சவரக் கிண்ணம் வந்தது! ஓரத்தில் நீலக் கோடு போட்ட அதே எனாமல் கிண்ணம். குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று அந்த மனுஷர் சாகும்வரை சாதித்தார். எந்தக் குரங்கு, எந்த மரத்தில் உட்கார்ந்திருந்தது, எப்படிப் பல்லைக் காட்டியது என்பதெல்லாம்கூடச் சொல்வார். அவர் தேடும் விதம் உனக்குத் தெரியுமே. மூக்குக் கண்ணாடி காணோம் என்றால் அதே தலையணையைத் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்ப்பார், ஏனென்றால் அது அங்கே இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நீ கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "குரங்கு கிணத்துல போட்டிருக்கும்மா, அப்பா சொன்னது சரிதான்" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் அழுகையும் கொஞ்சம் இருந்தது. அவர் இருந்திருந்தால் உன் மிதவைக் கதையை ஊர் முழுக்கத் தானே செய்த மாதிரி சொல்லியிருப்பார்.

அன்று சாயங்காலம் நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றேன். நீ வாசலுக்குப் போய், "அம்மா, காபி இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாய். பதில் இல்லை. ஓர் அடி உள்ளே வந்து அதையே கேட்டாய். மறுபடி ஓர் அடி. கடலை அளப்பதுபோல என் செவிட்டை அளந்துகொண்டிருந்தாய். எனக்கு எப்படித் தெரியும் என்றால், எதிரே அலமாரிக் கண்ணாடியில் நீ முழுதாகத் தெரிந்தாய், வாய் அசைவது உட்பட. பாவம் பிள்ளை இவ்வளவு கஷ்டப்படுகிறானே என்று, நீ இன்னும் தூரத்தில் இருக்கும்போதே "இருக்குடா" என்றேன். உன் முகம் தெளிந்தது. பிறகு கண்ணாடியைக் கவனித்தாய், முகம் மறுபடியும் விழுந்தது. போய்க் கூடத்தில் உட்கார்ந்துவிட்டாய். ஏமாற்றியதற்கு மன்னித்துவிடு. ஆனால் சாமு, அந்த இரண்டு முகத்தையும் நான்தானே பார்த்தேன்? நீ அளந்தது காதை மட்டும்தான். இந்த வீட்டில் கேட்பதற்கு இன்னும் என்னென்ன இருக்கிறது என்று நீ அளக்கவில்லை.

இப்போது நான் வார்டை விட்ட கதையைச் சொல்கிறேன். "ஓய்வு எடுத்துக்கொண்டேன்" என்றுதான் உனக்கு எழுதியிருந்தேன். என் மரக்குழலை நீ பார்த்திருக்கிறாய், ஒரு ஜாண் நீளம், இரண்டு பக்கமும் வாய் அகன்றது. ஒரு வாயைத் தாயின் வயிற்றில் வைத்து, மறு வாயில் காதை வைத்தால் உள்ளே குழந்தையின் நெஞ்சு ஓடுவது கேட்கும். இதுவும் நீரில் மூழ்கிக் கிடப்பதைக் கேட்பதுதான், உன் கருவிக்கு மின்சாரம் உண்டு, என்னுடையதற்கு இல்லை. ஆனால் எடுத்த எடுப்பில் குழலை வைக்கமாட்டோம். முதலில் கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, வயிற்றின் மேல் பக்கம், இரண்டு பக்கவாட்டு, கீழ்ப் பக்கம் என்று ஓர் இடம் விடாமல் தடவித் தேட வேண்டும். குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் என்று உள்ளங்கைக்குத் தெரிந்த பிறகுதான் அங்கே குழல். உங்கள் கப்பலிலும் சத்தம் ஆழத்தைச் சொன்ன பிறகு, கொழுப்புத் தடவிய ஈயக் குண்டைக் கயிற்றில் இறக்கி, அதில் ஒட்டி வருவது மணலா சேறா என்று பார்ப்பீர்கள் என்றாயே. காது இடத்தைச் சொல்லும், இன்னதென்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், எத்தனையோ பிள்ளைகளைக் கேட்டவள் உன்னை மட்டும் கேட்டதில்லை. குழல் எவ்வளவு நீளம் இருந்தாலும் என் காது என் வயிற்றுக்கு எட்டாதே. லேடி டாக்டர்தான் குனிந்து கேட்டார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். புருவம் மேலே போயிற்று, கண் மூடிற்று, பிறகு சிரித்தார். நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது அந்தச் சிரிப்பில்தான். இருந்தும் அந்த முகத்தின் அருமையை நான் வார்டை விட்ட நாளில்தான் புரிந்துகொண்டேன். கொள்ளேகால் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெண் தலைப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். தடவினேன், முதுகு இருந்தது. குழலை வைத்தேன், ஒன்றுமில்லை. இடம் மாற்றி வைத்தேன், ஒன்றுமில்லை. திடீரென்று அவள், "சிஸ்டரக்கா, என் கொழந்தைக்கு என்னாச்சுங்க?" என்று அழ ஆரம்பித்தாள். நான் வாயைத் திறக்கவே இல்லை, சாமு. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் இருந்த இளம் நர்ஸ் குழலை வாங்கி வைத்தாள், உடனே சிரித்தாள். குழந்தை உள்ளே குதிரை ஓட்டம் ஓடிக்கொண்டிருந்ததாம். குறை என் காதில். அன்றைக்கே லேடி டாக்டரிடம் போய், இனிமேல் குழல் பிடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிறந்தவர்களைக் குளிப்பாட்டவும், வயிற்றைக் கையால் தடவிப் பார்த்துச் சொல்லவும் வரச் சொன்னார். போய்க்கொண்டிருக்கிறேன், நிம்மதியாகவும் இருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குப் பிறந்தது ஒரு முரட்டுப் பையன், அவனைக் குளிப்பாட்டியதும் நான்தான்.

கல்யாணப் புத்தி சொல்லாமல் எந்தத் தாயும் கடிதத்தை முடிக்கக்கூடாதாம், அதனால் இதையும் கேள். உன் கருவி ஒரு சத்தத்தை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும் என்றாய் பார், அதை வீட்டிலும் செய். நானும் உன் அப்பாவும் ஒரே நேரத்தில் அனுப்பிக்கொண்டிருந்தோம், இரண்டு பக்கமும் ஒன்றும் வந்து சேரவில்லை. அவர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பது அவர் படுத்த படுக்கையாகி, பேச்சு குறைந்த பிறகுதான் இருவருக்கும் சரியாகத் தெரிந்தது. ஹெலனிடம் ஏதாவது கேட்டால், கேட்டுவிட்டு வாயை மூடு. பதில் மெல்லியதாக வந்தால் அங்கே ஒன்றுமில்லை என்று நினைக்காதே. அடியில் சேறு இருந்தால் சத்தத்தை விழுங்கிவிடும், பாறைதான் பளிச்சென்று திருப்பிக் கொடுக்கும் என்று நீயே சொன்னாய். உன் பெரியப்பா பாறை, நீ சேறு. இதைத் திட்டாக எடுத்துக்கொள்ளாதே, நங்கூரம் ஊன்றி நிற்பது சேற்றில்தான்.

பெரியப்பா என்றதும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு நஜர்பாத்துக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னைக் கண்டதும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "வாம்மா! காது எப்படி இருக்கு?" என்று கத்தினார். "கத்தாதீங்க, எம்முகத்தைப் பாத்து மெதுவாப் பேசுங்க, போதும்" என்றேன். பிறகு, "சாமு குமாஸ்தா வேலைக்கு வரமாட்டான், வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லுங்க" என்றேன். "பையன் வர்றேன்னு எழுதியிருக்கானே! அவனைக் கேட்டியா?" என்றார். "அவன் என்னைக் கேட்டானா?" என்றேன். மனுஷருக்கு மூக்குமேல் கோபம். எத்தனை பேரைப் பிடித்து இந்த வேலையை வாங்கினேன் தெரியுமா என்று கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். நான் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு சீப்பு நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து, "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மண்டை" என்று வழியனுப்பினார். ஆகவே மைசூரில் உனக்கு வேலை இல்லை. இனி நீ என்ன எழுதிக் கொடுத்தாலும் அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்.

சனிக்கிழமை ஹெலன் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். உனக்கும் எழுதியிருப்பாள், ஆனால் எல்லாவற்றையும் எழுதியிருக்கமாட்டாள். நான் எதுவும் கேட்காமலே என் எதிரில் வெளிச்சம் தன் முகத்தில் படும்படி நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த நிமிஷமே இவள் போதும் என்று தோன்றிவிட்டது. "அத்தை, குமாஸ்தாவைக் கட்டிக்க எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா இவர் குமாஸ்தாவா சந்தோஷமா இருப்பாரா?" என்றாள். இல்லை என்று நான் தலையை ஆட்டினேன். "அப்ப கப்பல் கடல்ல இருக்கற மாசமெல்லாம் நான் இங்க வந்துடறேன். நான் சொல்லிக்குடுக்க மைசூர்ல பள்ளிக்கூடமா இல்ல?" என்றாள். எனக்குத் துணைக்கு என்று வந்தால் வராதே, சண்டை போட என்றால் வா என்றேன். இருவரும் சேர்ந்து வாசற்கதவின் தாழ்ப்பாளிலிருந்து சமையலறை வரை ஒரு நூல் கட்டி, நுனியில் சிவப்புத் துணி தொங்கவிட்டோம். யாராவது வந்து இழுத்தால் துணி ஆடுகிறது. நஞ்சம்மா அன்று சாயங்காலம் முழுக்க வந்து வந்து இழுத்துவிட்டு, "ஆடித்தா? ஆடித்தா?" என்று கேட்டாள். அவளுக்குக் காபி கொடுத்தே டிகாஷன் தீர்ந்துவிட்டது.

போய் அந்தக் கப்பலில் ஏறு, சாமு. ஒரு கோடுகூட விடாமல் கேள். பெயர் தெரியாத எவனெவனோ நிம்மதியாகத் துறைமுகத்துக்குள் வரட்டும். எனக்கு உன்மேல் பெருமை தாங்கவில்லை, இதையும் ஒரு தடவை நேராகவே எழுதிவிடுகிறேன்.

கர்த்தருக்குச் சித்தமானால் ஒருநாள் ஹெலன் வாயும் வயிறுமாக இங்கே என் கட்டிலில் படுத்திருப்பாள். அப்போது நீ எந்தக் கடலில் இருந்தாலும் விடுப்பு வாங்கிக்கொண்டு வா. மரக்குழலை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், உனக்காகத்தான். முதலில் என் கையைச் சூடாக்கிக்கொண்டு நான் தேடுகிறேன், இது எனக்கு இன்னும் நன்றாகவே வரும். முதுகைக் கண்டுபிடித்து இடத்தைக் காட்டுகிறேன். நீ அங்கே குழலை வைத்துக் குனிந்து கேள். கேட்டதை வாயால் சொல்ல வேண்டாம். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா